வாய்க்கால் உறவுகளின் அட்மின்

காலைத் தேநீர் ஆறுவதற்குள் குணசேகரன் இரண்டு மூன்று ரோஜாக்களையும் ஒரு சூரிய உதயத்தையும் அழித்துவிடுவார். "குட் மார்னிங் போடுறதுக்கா குரூப்பு ஆரம்பிச்சோம்?" என்று வாசலில் கட்டியிருக்கும் பசுவைக் கேட்பார். பசு எந்தக் குரூப்பிலும் இல்லாததால் பதில் சொல்லாது.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் ஊர்க்காரர்களுக்காக அவர் தொடங்கிய வாட்ஸப் குழுவின் பெயர் 'நம்ம வாய்க்கால் உறவுகள்'. மதகு திறப்பு, நாற்று, அறுவடை இயந்திரம் பற்றி மட்டும் பேசலாம். அறிவிப்பு என்றால் தலைப்பு வேண்டும், ஊர்ப் பெயர் வேண்டும், அடியில் 'இப்படிக்கு' வேண்டும். அரசியல் கூடாது, பூ கூடவே கூடாது. வரப்பில் நடக்கும்போதும் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து இரண்டு முறை சேற்றில் இறங்கியிருக்கிறார். "இது குரூப்பு இல்லங்க, குடும்பம்" என்பார். குடும்பத்திலிருந்து ஆளை நீக்கும் அதிகாரம் தன் கட்டைவிரலில் இருப்பதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அப்படிக் கடைசியாக நீக்கப்பட்டவர் அல்லா பிச்சை. பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். மற்ற நேரங்களில் லோடு ஆட்டோ ஓட்டுவார். தினமும் விடியுமுன் பனித்துளியோடு ஒரு ரோஜா அனுப்புவார். எத்தனை எச்சரித்தும் ரோஜா நிற்கவில்லை. "மனுஷன் நல்லபடியா எழுந்திரிச்சிட்டான்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமாண்ணே?" என்று கேட்டார். கேட்ட அன்றே குணசேகரன் அவரைத் தூக்கிவிட்டார். சிங்கப்பூரிலிருந்து துரைராசு கைதட்டும் படம் போட்டார். துரைராசு ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. ஆனால் குழுவில் அவரைவிடச் சுறுசுறுப்பானவர் கிடையாது.

இந்தத் தையில் குணசேகரனின் சம்பா நெல் முழுவதும் தார்ச்சாலையில் பாதியை அடைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. வருஷத்துப் பாடு அவ்வளவும் அதுதான். நனைந்து முளைத்துவிட்டால் ஒருவரும் தொட மாட்டார்கள். பிற்பகலில் திடீரென்று கிழக்கே இருட்டியது. அவர் மனைவி வானதி பலகையை எடுத்து நெல்லைத் தள்ளிக் குவிக்க ஆரம்பித்தார். குணசேகரன் புளியமரத்தடியில் நின்று 'அவசர அறிவிப்பு' என்று தலைப்பிட்டார்.

"அந்தப் போன வச்சிட்டு வந்து தள்ளுங்களேன்!"

"இரு வானதி, 'இப்படிக்கு' போட்டுட்டு வந்துர்றேன்."

அனுப்பியதும் குழு பொங்கி எழுந்தது. கும்பிடும் கைகள் வந்தன, அழும் முகங்கள் வந்தன. 'தைரியமாக இருங்கள் உறவே' என்றார் துரைராசு. முதல் தூறல் போன் திரையிலேயே விழுந்தது. குணசேகரன் சாலையின் இரு பக்கமும் பார்த்தார். ஓர் ஆள் இல்லை.

அப்போதுதான் வளைவில் லோடு ஆட்டோ திரும்பியது. அல்லா பிச்சையும் அவர் மனைவி சைத்தூன் பீவியும் குதித்து இறங்கி, வண்டியிலிருந்து ஒரு பெரிய தார்ப்பாயை இழுத்துப் போட்டார்கள்.

"மெசேஜ் பாத்தீங்களா பாய்?"

"எந்த மெசேஜு? அதான் என்னத் தூக்கிட்டீங்களே. காலையில உங்க நெல்லச் சுத்தித்தானே வண்டிய ஓட்டிட்டுப் போனேன். வானத்தப் பாத்தேன், வந்துட்டோம். மொதல்ல முனையப் புடிங்கண்ணே!"

நால்வரும் தள்ளிக் குவித்து, மூடி, ஓரத்தில் கல் ஏற்றவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. காற்றில் எகிறிய முனையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு குணசேகரன் தொப்பலாக நனைந்தார். சட்டைப்பையில் போன் விடாமல் கிணுகிணுத்தது. உறவுகள் இன்னும் கும்பிட்டு முடிக்கவில்லை.

வீட்டுக்குப் போய்த் தலையைத் துவட்டியதும் அல்லா பிச்சையை மறுபடி குழுவில் சேர்த்தார். மறுநாள் விடியுமுன் பனித்துளியோடு ரோஜா வந்துவிட்டது. அதன் பின்னாலேயே சிங்கப்பூரிலிருந்து துரைராசு வந்தார்: 'அட்மின் அவர்களே, விதிமுறை என்ன ஆயிற்று?'

குணசேகரன் தேநீரை ஒரு வாய் குடித்தார். கட்டைவிரலை ரோஜாவின் மேல் கொண்டுபோனார். சற்று வைத்திருந்தார். பிறகு விரலைக் கீழே இறக்கி, துரைராசுவின் கேள்வியை அழித்தார்.