பதின்மூன்றாம் பகுதியின் கடைசி ஏழு நிமிடங்கள்

உலோமாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. பூசையில் பாதிரியார் பிரசங்கத்தை ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய் நிற்பாள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டே அறைக்கும் வாசலுக்கும் நடப்பாள். கலியாணம் செய்துகொண்ட மனிதர் மூன்று வருடம் பொறுத்துப் பார்த்தார். "உன்னோட குடித்தனம் பண்றதும் பஸ் ஸ்டாண்டுல குடித்தனம் பண்றதும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு லாகோஸ் போனவர் போனவர்தான். எனுகுவில், ஒகுயி சாலையில் அவள் கடை இருக்கிறது. கலியாணம், சாவு எல்லாம் படம் பிடிப்பாள். பழைய கேசட்டில் இருப்பதைக் கணினிக்கு மாற்றித் தருவாள். அங்கும் நின்றபடிதான் வேலை. நாற்காலி வாடிக்கையாளருக்கு.

அவளைக் குறை சொல்ல, அவள் வளர்ந்த அஸாட்டாப் பேட்டைக்காரர்களான எங்களுக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கால்களுக்குச் சக்கரம் கட்டிவிட்டதே நாங்கள்தான்.

அது எண்பத்தாறாம் வருடம். அவள் அப்பா கிளீட்டஸ் எனே தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலையில் இருந்தார். சனிக்கிழமைகளில் டிவி நாடகத்தில் நடிப்பார். 'இரண்டு வாசல்' என்று ஒரு தொடர், ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு, பதின்மூன்று வாரம் வந்தது. அதில் அவர்தான் ஒகொலி, அண்ணன் சொத்துக்கு ஆசைப்படும் தம்பி. பன்னிரண்டாம் பகுதியில் ஒகொலி அண்ணனுக்குக் கள் ஊற்றுகிறான். ஊற்றியவன் முதலில் குடித்துக் காட்ட வேண்டும் அல்லவா? குடித்தான். மீதியை நீட்டும்போது அவன் கட்டைவிரல் கோப்பைக்குள் ஒரு நொடி நனைந்தது. கேமரா அந்த விரலைக் காட்டியது. அண்ணன் குடித்தார், விழுந்தார். அத்துடன் அந்த வாரம் முடிந்தது. விரல் நகத்தில் நஞ்சு வைத்திருந்தானா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மறுநாள் காலை உலோமாவின் அம்மா ஃபெலிசியா வழக்கம்போல ஒக்பா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பயற்று மாவை வாழையிலையில் பொதிந்து அவித்த ஒக்பா, சூடு பறக்கும். அவள் குரல் கேட்டுத்தான் அஸாட்டா கண் விழிக்கும். அன்று ஒரு கதவும் திறக்கவில்லை. நான்கு வீடு தள்ளி இருந்த அரின்ஸே அம்மா மட்டும் ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "மாவு பிசைஞ்சது நீயா, உன் புருஷனா?" தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், எதற்கு மறைப்பது? கூடை போனபடியே திரும்பிப் போனது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

நாடகம் வேறு, ஆள் வேறு என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் வயிறு கேட்கவில்லை.

பதின்மூன்றாம் பகுதியில் எல்லாம் வெளுக்கும் என்று ஊரே காத்திருந்தது. எங்கள் தெருவில் பெட்டி இருந்த மூன்று வீட்டிலும் ஜன்னல் கம்பியில்கூட ஆள். கடைசிக் கட்டம் வந்தது. அண்ணி ஒகொலியின் வீட்டுக் கதவைத் தள்ளி உள்ளே வந்து, அவன் எதிரே நின்று, "சொல்லு" என்றாள். கரண்ட் போயிற்று. ஒரு தெருவுக்கு இல்லை, எனுகு முழுவதற்கும் போயிற்று. அது திரும்பி வந்தது செவ்வாய்க்கிழமை.

மறுநாள் கிளீட்டஸ் தபால் நிலையத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஒகொலி ஒண்ணும் பண்ணலப்பா. கடைசில அதான் தெரியவரும். நீங்க பாக்கக் குடுத்து வைக்கல." பாதிப் பேர் நம்பினார்கள். பக்கத்து ஊரான ஆவ்காவில் பார்த்ததாகச் சொன்னவன் ஒகொலி தூக்கில் தொங்கினான் என்றான். ஒனிட்ஷாக்காரி அவன் சாமியாராகப் போனான் என்று சத்தியம் செய்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டிவி நிலையத்தார் அந்தத் தொடரை மறுபடி போடவே இல்லை. நாடா தட்டுப்பாட்டில் அதன் மேலேயே யாரோ பெரிய மனிதரின் திறப்பு விழாவைப் பதிந்துவிட்டார்கள். ஃபெலிசியா ஒக்பாவை விட்டாள். ரப்பர் செருப்பு, சீப்பு, ஊக்கு என்று யாரும் வாயில் வைக்காத சரக்கை விற்றுப் பிள்ளையை வளர்த்தாள். பள்ளியில் உலோமா நீட்டிய வேர்க்கடலையை ஒருத்தியும் வாங்கமாட்டாள். அழுதுகொண்டு வந்தால் அம்மா ஒரே பதில்தான் சொல்வாள்: "உங்கப்பா பண்ணலடி. கரண்ட் மட்டும் போகாம இருந்திருந்தா எல்லாரும் பாத்திருப்பாங்க."

அந்த ஏழு நிமிடத்தைத் தேடித்தான் அவள் நடக்க ஆரம்பித்தாள். அப்பா கண் மூடுவதற்குள் அதைக் கண்டுபிடித்து இந்த ஊருக்குக் காட்ட வேண்டும். கலியாணமும் கடையும் இதற்கு நடுவே வந்தவை.

எண்பத்தாறில் வீட்டில் டெக் வைத்திருந்த டாக்டர்கள், ஒப்பந்தக்காரர்கள், அவர்கள் விதவைகள் என்று ஒருவரையும் விடவில்லை. பூஞ்சை பிடித்தது, எலி கடித்தது, நகலின் நகலின் நகல் என்று எல்லாவற்றையும் அள்ளி வந்தாள். ஒரு கேசட்டில் எட்டாம் பகுதியின் நடுவில் யாருடைய ஞானஸ்நானமோ புகுந்திருந்தது. ஒரு காட்சிக்கு இரண்டு மூன்று பிரதிகளை ஓட்டி, ஒன்றில் கிழிந்த இடத்தை இன்னொன்றால் ஒட்டுப்போட்டு, பதினோரு வருடத்தில் பன்னிரண்டு பகுதியைத் தேற்றிவிட்டாள். பதின்மூன்றுக்கும் ஐந்து பிரதி கிடைத்தது. ஐந்தும் எனுகுவில் பதிந்தவை. ஐந்திலும் அண்ணி "சொல்லு" என்கிறாள், படம் அறுகிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் உலோமா டெக்கை ஓங்கி அறைவாள். நிலையத்தில் அழித்த கைகளுக்குப் புழு வைக்க என்று சாபம் விடுவாள்.

போன மழைக்காலத்தில் அபகலிகி பக்கமிருந்து ஒரு வயதான கன்னியாஸ்திரி பஸ் ஏறி வந்தார். பெர்பெத்துவா என்று பெயர். மடியில் ஒரு துணி மூட்டை.

"வானொலியில கேட்டேன்மா, நீ தேடுறேன்னு. எங்க ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் இருந்துச்சு. நோயாளிங்களுக்காகப் பதிஞ்சு வச்சேன். அப்புறம் கூரை ஒழுகி பெட்டியெல்லாம் நனைஞ்சிடுச்சு. இது உதவுமான்னு பாரு."

"முடிவு என்னன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா சிஸ்டர்?"

"எனக்கு அன்னிக்கு பிரசவ டூட்டி."

உலோமா மூட்டையைப் பிரித்தாள். கேசட்டின் ஓடு முழுக்க வெள்ளைப் பூஞ்சை. பத்து நாள் காயவைத்தாள். பிரித்து, நாடாவை அடி அடியாக மெல்லிய துணியால் துடைத்து வேறு கூட்டில் ஏற்றினாள். நான்கைந்து முறைக்கு மேல் ஓட்டினால் மேல்பூச்சு உதிர்ந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டினாள். "சொல்லு" என்றாள் அண்ணி. படம் அறுபடவில்லை! கோடு கோடாக நடுங்கினாலும் அப்பா இருந்தார், நாற்பத்து நாலு வயதில். உதடு அசைந்தது. கண்ணில் நீர் வழிந்தது. சத்தம்தான் இல்லை. சத்தம் நாடாவின் விளிம்பில் ஓடுவது, விளிம்பு ஈரத்தில் சுருண்டிருந்தது.

அழும் முகத்தைப் பார்த்தாள், போதாதா? செய்யாத பழிக்கு அழுகிறார் என்று முடிவுகட்டிவிட்டாள். அன்றைக்கே நோட்டீஸ் அடித்தாள்: வரும் ஞாயிறு, பூசை முடிந்ததும், பங்கு மண்டபத்தில், எனுகு பார்க்காத முடிவு. அரின்ஸே அம்மா வீட்டுக்கு நேரில் போய்க் கொடுத்தாள். "கட்டாயம் வரணும். உங்களுக்குத்தான் முதல்ல காட்டணும்."

"என்னடி, பத்திரிகை வைக்கிற மாதிரி வைக்கிற" என்றாள் கிழவி.

வியாழக்கிழமை விளிம்பை நீவி நீவிச் சத்தத்தை எடுத்துவிட்டாள். முதலில் இரைச்சல் வந்தது. பிறகு அப்பாவின் குரல், தெளிவாக: "நான்தான் அண்ணி. கட்டைவிரல் நகத்துல வச்சிருந்தேன். நான் குடிச்சப்ப அது கள்ளுதான். உங்க புருஷன் குடிச்சப்ப அது நஞ்சு."

கணினியில் ஏற்றிக்கொண்டு மூன்று முறை ஓட்டினாள். மூன்று முறையும் அதையேதான் சொன்னார்.

கடையைப் பூட்டக்கூட இல்லை. அஸாட்டா வரைக்கும் நடந்தே போனாள். கிளீட்டஸ் வாசலில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயது. அவள் நடந்து வந்த தினுசைப் பார்த்ததுமே வானொலியை அணைத்தார்.

"சத்தம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. உங்களுக்குத் தெரியும். ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்!"

"நடிச்சவனுக்குத் தெரியாம இருக்குமா?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்களே அப்பா! ஊரை விடுங்க. நான் பதினோரு வருஷமா எலிப் புழுக்கையக் கிளறிக்கிட்டுத் திரியறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கண்டுபிடிக்கவே மாட்டேன்னு நினைச்சேன்மா." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "ஆறு நாள் கூடை கொண்டுபோனபடி திரும்பி வந்துச்சு. ஏழாம் நாள் ஊரே பாக்கப் போகுது, செஞ்சவன் நான்தான்னு. கரண்ட் போச்சு. இருட்டுல உங்கம்மாதான் சொன்னா, 'யாரும் பாக்கல. நீங்க செய்யலன்னு சொல்லிடுங்க'ன்னு."

உலோமா நடையை நிறுத்தினாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"வீட்டு ஒத்திகையில அண்ணி வசனம் பேசினதே அவதான். மாவு சலிச்சுக்கிட்டே கேப்பா, 'சொல்லு, என் புருஷன் குடிச்ச கள்ளுல என்ன இருந்துச்சு?' எனக்கு மயிர்க்கூச்செறியும். நிலையத்துல நடிச்ச பொண்ணவிட அவ நல்லா கேப்பா."

அம்மா இறந்து பதினைந்து வருடம் ஆகிறது. கடைசி வாரத்தில்கூட, "உங்கப்பா பண்ணலடி" என்றுதான் சொன்னாள். உலோமாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை.

"பூஞ்சை தின்னுடுச்சுன்னு சொல்லிடு" என்றார் கிளீட்டஸ். "நான் போற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போகட்டும்." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சொல்லி முடிச்சப்புறம் நான் ஒண்ணும் பேசாம உக்காந்திருப்பேன். அது நாடாவுல விழுந்திருக்கா?"

விழுந்திருந்தது. கடைக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். திரையில் ஒகொலி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, கட்டைவிரலை வேட்டியில் துடைத்தான். திரும்பத் துடைத்தான். ஒரு நிமிடம் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தான். கிழவர் கண் இமைக்காமல் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கேன்" என்றார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "இதை ஒருத்தரும் பாக்கலியேம்மா. இதைவிட நல்லா நான் எதையும் பண்ணதில்ல. யாரும் பாக்கலியேன்னு அழுதேன், நல்லவேளை பாக்கலன்னு சாமிக்கு மெழுகுவத்தியும் ஏத்தினேன்."

வெள்ளியும் சனியும் உலோமா தெருத் தெருவாக நடந்தாள். பூஞ்சை தின்றுவிட்டது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் நிலையத்தில் அழித்தவனுக்குப் புழு வைக்கச் சொன்ன வாய் அவளுடையது. அழிக்கத்தானா பதினோரு வருடம் நடந்தாள்? காட்டினாலோ, அப்பாவின் கடைசிக் காலத்தில் ஊர் மறுபடியும் முகத்தைத் திருப்பும். பெயரைக் காப்பாற்றக் கிளம்பியவளே அதைப் போட்டு உடைக்கப் போகிறாள். சனி மத்தியானம் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"போடட்டுமா அப்பா?"

"முன்வரிசையில எனக்கு ஒரு இடம் பிடிச்சு வை" என்றார்.

ஞாயிறு மண்டபம் கொள்ளவில்லை. ஒன்று போனால் இன்னொன்று என்று இரண்டு ஜெனரேட்டர் வைத்திருந்தாள். "இன்னிக்கு யமனே வந்து அணைச்சாலும் அணையாது" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அரின்ஸே அம்மா கிளீட்டஸுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். உலோமா சுவரோரம் நின்றாள்.

"சொல்லு" என்றாள் அண்ணி. "நான்தான் அண்ணி" என்றதும் பெரிய கூச்சல் எழுந்தது. "அடப் பாவி!" "நான் அன்னிக்கே சொன்னேன்ல!" வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அப்புறம் ஒகொலி விரலைத் துடைக்க ஆரம்பித்தான். கூச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்து போயிற்று. அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அரின்ஸே அம்மா எழுந்தாள்.

"உலோமா அப்பா, நீங்க செய்யலன்னுதானே சொன்னீங்க? இத்தனை வருஷமா எங்களை ஏமாத்தியிருக்கீங்க!"

கிளீட்டஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"பொய் சொன்னது நான். கொன்னது ஒகொலி."

"ரெண்டும் ஒரே மூஞ்சிதானே?"

"மூஞ்சி ஒண்ணுதான். ஃபெலிசியாவுக்கு எந்த மூஞ்சி அரின்ஸே அம்மா? அவ ஒக்பா அவிச்சா. அவ செஞ்சது அவ்வளவுதான்."

கிழவி பின்னால் கையை நீட்டி நாற்காலியைத் தேடினாள். உட்கார்ந்துவிட்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாங்கள் வெளியே வந்தோம். சிலர் கிளீட்டஸ் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். சிலர் பிடிக்கவில்லை.

உலோமா வயர்களைச் சுற்றி முடித்துத் திரும்பியபோது அரின்ஸே அம்மா அதே நாற்காலியில் இருந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"உங்கம்மாவ எங்கடி புதைச்சீங்க?"

"எங்க ஊர்ல, வீட்டு வாசல்லயே. உடி பக்கம்."

"பஸ் போகுமா?"

உலோமா அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பதாம் மைல் சந்திப்பில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும் என்று சொன்னாள். எந்த நிறுத்தம், மாதா கோயிலைத் தாண்டி எத்தனையாவது வீடு என்றும் சொன்னாள். கிழவிக்கு ஞாபகம் நிற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து, மெதுவாகச் சொன்னாள்.