மெத்தென்ற கம்பி

டர்பைன் பிளேடுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையின் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக உலோகத்தை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறவளை எல்லோரும் லேப் அக்கா என்பார்கள். தலை நரைத்த மேலாளர் உட்பட. கேட்டாலும் கேட்காவிட்டாலும் பாடம் நடத்திவிடுவாள்.

அவளுடைய அண்ணன் அங்கேயே வெல்டர். தேய்ந்த பிளேடு நுனிகளைக் கம்பி உருக்கி வளர்த்துக் கொடுப்பது அவர் வேலை. புது நிக்கல் கலவைக் கம்பி வந்ததிலிருந்து அவர் ஒட்டியதெல்லாம் உலைக்குள் போய் வந்தால் மயிரிழையாய் விரிசல் விட்டது. "உங்க கை போயிடுச்சு. ஒரு மாசம் பாப்பேன், இல்லன்னா வீட்டுக்குப் போங்க" என்று மேலாளர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

மதியம் அண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உன் கைமேல தப்பே இல்லண்ணே. சூட்டுல வலுவா நிக்கணும்னு புதுக் கம்பியில அலுமினியம், டைட்டானியம்னு அள்ளிப் போட்டிருக்காங்க. அது உலையில இறுகும்போது வளையாது, பிளந்துடும். அந்தப் பழைய மாலிப்டினம் கம்பி மெத்துன்னு இருக்கும். அதுல ஒட்டினா விரிசலே வராது."

மீதியையும் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கம்பியில் குரோமியம் கொஞ்சம், மாலிப்டினம் ஏகம்; இந்த பிளேடுகள் ஓடுவதோ கடலோர மின் நிலையத்தில், அங்கே காற்றிலுள்ள உப்பு சூட்டில் உருகிப் படிந்தால் அதை அரித்துத் தின்றுவிடும். அதற்குள் மணி அடித்துவிட்டது. எழுந்து போய்விட்டாள்.

அண்ணன் யாரிடமும் கேட்காமல் கிடங்கிலிருந்து அந்தக் கம்பியை எடுத்தார். விரிசல் நின்றது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவளும் விரிசலை மட்டும் தேடினாள், இல்லை என்றதும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். எந்தக் கம்பி என்று பார்க்கத் தோன்றவில்லை, அறிவுகெட்டவளுக்கு.

பதினொரு மாதத்தில் பிளேடுகள் திரும்பி வந்தன, நுனியெல்லாம் பொருக்குத் தட்டி, எலி கொறித்தது போல. அளந்தாள். மாலிப்டினம் இருபத்துநாலு சதவீதம், குரோமியம் ஐந்து. தான் சொன்ன அதே கம்பி. இருந்தும் கண்டதை அப்படியே எழுதினாள்.

விசாரணையில் மேலாளர் கேட்டார், "யாரு சொல்லி இந்தக் கம்பியப் போட்டீங்க?"

அண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல சார். எனக்கே தோணுச்சு."

நான்தான் சொன்னேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வேலையும் போகும், அவ்வளவுதான். அவள் அறிக்கையின் ஓரத்தை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார். கதவு சாத்தியதும் மேலாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"சொந்த அண்ணன்னும் பாக்காம நேர்மையா எழுதியிருக்கீங்க. உங்கள மாதிரி ஆளுங்கதான் இங்க வேணும்."

"தேங்க்ஸ் சார்" என்றாள்.