முப்பத்தேழரை அங்குலப் பிளாட்பாரம்

1968 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிஷம். பனிக்காலத்து வெயில் சாய்ந்து, முற்றிக்கொண்டிருந்த சம்பாக் கதிரின் வாசனையைக் காற்று வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. என் மூக்கில் ஏறியிருந்ததோ இரண்டு நாளாகப் புளித்துப்போன மைதா பசையின் நாற்றம். அட்டையில் நான் செய்துகொண்டிருந்த ஸ்டேஷன் கட்டிடத்தின் கூரையை அப்போதுதான் ஒட்டி முடித்திருந்தேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே, தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் மாரிமுத்துவின் தலை தெரிந்தது.

"என்ன தம்பி, ஸ்டேஷன் கட்டியாச்சு, ஒரு ஈ காக்கா இல்லியே? எல்லாரையும் பேய் அடிச்சிருச்சா?"

இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்பதால் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

அப்பா நன்னிலத்துக்குத் தெற்கே ஒரு சிறிய நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். ஊர் அங்கிருந்து முக்கால் மைல் தள்ளி இருந்தது. எங்கள் "குவாட்டர்ஸை"ச் சுற்றி மூன்று பக்கமும் வயல், மிச்சமிருந்த பக்கம் தண்டவாளம். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பதினோரு வயது. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் என்னோடு விளையாட வரமாட்டார்கள், காலனிப் பிள்ளைகளுக்கு விளையாட நேரம் இராது, போதாததற்கு இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி என்று பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். அப்பாவின் பேச்செல்லாம் ஸ்டேஷன் டெலிபோனிலேயே செலவாகிவிடும்; வீட்டுக்கு வரும்போது "சாப்டியா", "விளக்க அணை" என்ற இரண்டு மட்டும் எனக்கு மிஞ்சும்.

அம்மாவின் ஊரான திருவிடைமருதூரில், தைப்பூசக் கடையில் எனக்கு ஒரு தகர ரயில் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். சாவி கொடுத்தால் ஓடும். ஒரு மாதத்துக்குள் அதன் சுருள் அறுந்துபோயிற்று. ஓடாத ரயிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துத்தான் அது நிற்பதற்கு ஒரு ஸ்டேஷன் கட்ட ஆரம்பித்தேன். எங்கள் ஸ்டேஷனையே, அப்படியே. அப்பாவின் இரும்பு டேப்பை எடுத்துப்போய் ரயில் வராத நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றையும் அளந்தேன். அடிக்கு அரைக்கால் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். பிளாட்பாரம் முந்நூறு அடி, ஆகவே முப்பத்தேழரை அங்குலம். அதற்கென்று தனியாக ஒரு பலகை. செருப்புப் பெட்டி அட்டையில் கட்டிடம், குடைக்கம்பியில் கைகாட்டி, நூலை இழுத்தால் அதன் கை இறங்கும். சிவப்புக்குக் குங்குமம், வெள்ளைக்குச் சுண்ணாம்பு. தீக்குச்சியைக் கட்டைகளாக அடுக்கி அதன்மேல் ஈர்க்கைத் தண்டவாளமாக ஒட்டினேன். இஞ்சின் உதிர்த்த கரித்தூளைச் சலித்துக் கரிக்குவியல். ஜல்லிக்குக் கப்பியை இடித்துக் காபி வடிகட்டியில் சலித்ததில் வடிகட்டி போயிற்று. அப்பா இரண்டு நாள் சக்கையோடு காபி குடித்தார்.

வயல் வேண்டுமே என்று பக்கத்தில் ஒரு தட்டில் மண் பரப்பி, முளைகட்டிய விதைநெல்லை நெருக்கமாகத் தெளித்தேன். வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் பச்சைத் தாளை வெட்டி ஒட்டியிருப்பான். எனக்கு வயல் என்றால் நெல் முளைத்துத்தான் ஆகவேண்டும் என்று தோன்றியது. பத்தே நாளில் நாற்று கட்டிடத்தை மறைத்து, கைகாட்டிக்கும் மேலே போய்விட்டது.

"டிரைவருக்குச் சிக்னலே தெரியாது தம்பி, நேரா வயல்ல கொண்டு விட்டுருவான்" என்று மாரிமுத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன்பிறகு தினமும் காலையில் கத்தரிக்கோலால் நாற்றை முடிவெட்டிவிடுவது என் வேலையாயிற்று.

மாரிமுத்துவுக்கு அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் அந்த ஜன்னலுக்கு வருவார், கால் மணி நேரம் கேலி செய்துவிட்டுப் போவார். அன்றாடம் என்னோடு பேசிய மனிதர் அவர் ஒருவர்தான்.

அப்பா என் ஸ்டேஷனைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். நிஜ ஸ்டேஷனின் பெயர்ப் பலகையில் இந்தி எழுத்துகளை யாரோ தார் பூசி அழித்திருந்தார்கள். நானும் என் பலகையில் மூன்று மொழியையும் எழுதி, பிறகு ஒன்றைத் தாரால் அழித்தேன்.

"இத ஏன் அழிச்ச?"

"அங்கயும் அப்படித்தானேப்பா இருக்கு."

"இருக்கறத எல்லாம் வைக்கணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். எனக்கு அது புரியவில்லை. இருக்கிறதை வைக்காவிட்டால் அது எங்கள் ஸ்டேஷனாக எப்படி ஆகும்?

ஈ காக்கா இல்லையே என்று மாரிமுத்து கேட்ட மறுநாளிலிருந்து ஆள்கள் செய்யத் தொடங்கினேன். வாய்க்கால் கரைக் களிமண்ணை ஈர்க்குத் துண்டின்மேல் பிடித்து, முக்கால் அங்குல உயரத்துக்கு ஒரு ஆள். முதலில் அப்பா, வெள்ளைக் கோட்டோடு. அப்புறம் கையில் பச்சைக் கொடியோடு மாரிமுத்து. தன்னைப் பார்த்ததும், "நான் இவ்ளோ கருப்பா? கொஞ்சம் சுண்ணாம்பு அடிச்சு விடு தம்பி" என்றார். அறைக்குள் நான் தனியாக இருக்கும்போதும் பிளாட்பாரத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பொங்கல் முடிந்து அறுப்பு வந்தது. அறுக்கும் நெல்லில் கலத்துக்கு அரைப்படி கூலி கூட வேண்டும் என்று உள்ளூர் ஆள்கள் அரிவாளை எடுக்க மறுத்தார்கள். "நாம ஓட்டுப் போட்டு வந்த ஆட்சி, போலீஸ் நம்ம மேல கை வைக்காது" என்று அவர்கள் நம்பினார்கள். ஊரில் பெரிய பண்ணையாக இருந்த வீட்டார் வெளியூரிலிருந்து அறுப்பாள்களை ரயிலில் வரவழைத்தார்கள். அந்தக் காலைப் பாசஞ்சர் வந்து நின்றபோது, உள்ளூர் ஆள்கள் பிளாட்பாரத்தின் விளிம்பில் வரிசையாக நின்று ஒருவரையும் இறங்கவிடாமல் தடுத்தார்கள். பண்ணையின் காரியஸ்தர் குடையை ஆட்டிக்கொண்டு கத்தினார். அவர் திரும்பிய நேரத்தில் ஒரு ஜல்லிக்கல் பறந்துவந்து அவர் நெற்றியின் ஓரத்தைக் கிழித்தது. யார் எறிந்தது என்று அவருக்குத் தெரியாது. ரயில் இறங்காத ஆள்களோடு புறப்பட்டுப் போயிற்று.

குவாட்டர்ஸ் ஜன்னலிலிருந்து எனக்குத் தெரிந்தது. எறிந்தவர் மாரிமுத்துவின் அண்ணன் சாமிக்கண்ணு. இடது கை முழங்கைக்குக் கீழே அவருக்குக் கிடையாது, ரைஸ்மில் பெல்ட்டில் போனது. இருந்த ஒரு கையால்தான் எறிந்தார்.

போலீஸ் வாக்குமூலம் கேட்டபோது, "டிரைவரிடம் லைன் டோக்கன் வாங்க இஞ்சின் பக்கம் போயிருந்தேன், எதையும் பார்க்கவில்லை" என்று அப்பா எழுதிக் கொடுத்தார். அது உண்மையும்கூட.

நான் மூன்று நாள் சாப்பாட்டை மறந்து களிமண் பிசைந்தேன். அன்று நின்ற முப்பத்துநாலு பேரையும் செய்தேன். நின்ற இடத்திலேயே நிறுத்தினேன். இவ்வளவு பேர் ஒரேயடியாக என் பிளாட்பாரத்துக்கு வருவார்கள் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. வரிசையின் வடகோடியில், ஒரு கை குறைந்து, இன்னொரு கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சாமிக்கண்ணு.

மாரிமுத்து வந்து பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கம்பிக்குள் விரலை விட்டு வடகோடியைக் காட்டினார்.

"தம்பி, அந்தக் கைய இறக்கிடு."

"தூக்கிட்டுத்தானே அண்ணே இருந்தாரு."

"சரிதான். நீ இறக்கிடு."

"காஞ்சு போச்சு. இப்ப இறக்குனா ஒடஞ்சிரும்."

"ஒடஞ்சா ஒடயட்டும்டா" என்றார். அவர் என்னை "டா" போட்டுக் கூப்பிட்டது அன்றுதான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கை தூக்கியிருந்ததைத் தூக்கித்தான் வைப்பேன் என்றேன். அவர் தண்டவாளத்தைத் தாண்டிப் போனார்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரும் நெற்றியில் கட்டுப்போட்ட காரியஸ்தரும் விசாரணைக்காக வந்து ஸ்டேஷன் அறையில் உட்கார்ந்தார்கள். அப்பா காபி சொல்லிவிட்டு வருவதாக எழுந்து, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தார். நேரே என் அறைக்கு வந்தார். அத்தனை நாளில் முதல் தடவையாகக் குனிந்து என் ஸ்டேஷனை முழுவதும் பார்த்தார். பிறகு அந்தப் பிளாட்பாரப் பலகையை, அத்தனை பேரோடும், ஏதோ பால் செம்பைத் தூக்குவதுபோல் ஆடாமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தினார். நான் பின்னாலேயே ஓடினேன். சுடாத களிமண் கரைய எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் சுண்ணாம்பு வெள்ளையாகப் பிரிந்து போயிற்று, அதில் அப்பாவின் கோட்டும் இருந்தது. அப்புறம் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. ஈர்க்குத் துண்டுகள் மட்டும் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. அப்பா அவற்றைப் பொறுக்கி வாழைக்கடியில் போட்டார், கையைத் துடைத்துக்கொண்டார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அதற்குள் முன்வாசலில் குரல் கேட்டது. "பையன் என்னமோ ரயில்வே கட்டியிருக்கானாமே சார், பாக்கலாமா?" காரியஸ்தர்தான் யாரிடமோ கேள்விப்பட்டு அழைத்து வந்திருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் குந்தினார். நூலை இழுத்துக் கைகாட்டியை இறக்கிப் பார்த்துக் குழந்தைபோல் சந்தோஷப்பட்டார். "உங்க பையன் இன்ஜினீயராத்தான் சார் வருவான்" என்றார். அப்புறம், "ஸ்டேஷன் இருக்கு, தண்டவாளம் இருக்கு, பிளாட்பாரத்தக் காணுமே தம்பி?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாசல் நிலையில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அளவு தப்பாயிருச்சு. பிரிச்சிட்டேன்" என்றேன்.

என் அளவு தப்பவே இல்லை.

"எவ்ளோ தப்பு?"

"ஒரு அங்குலம்."

"அட, ஒரு அங்குலத்துக்கா பிரிப்ப!"

காரியஸ்தர் விடவில்லை. "இவன் சும்மா இருக்கமாட்டான் சார். எங்க வண்டி போனாக்கூட எத்தன மூட்டைன்னு எண்ணிக்கிட்டே நிப்பான். அன்னிக்கு எத்தன பேரு வந்தாங்க, யாரு யாருன்னு இவனக் கேளுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் என் தோளில் கை வைத்தார். "சொல்லு தம்பி. எத்தன பேரு?"

"எண்ணல" என்றேன்.

"ஒருத்தரக்கூடப் பாக்கலியா?"

"பசை காய்ச்சிக்கிட்டு இருந்தேன்."

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு கைகாட்டியை இன்னொரு தடவை இறக்கிவிட்டு எழுந்துபோனார். காரியஸ்தர் கொடுத்த பெயர்களை வைத்துப் பதினெட்டுப் பேரைப் பிடித்தார்கள், சாமிக்கண்ணுவையும் சேர்த்துத்தான். கல் எறிந்தது யார் என்று மட்டும் கடைசிவரை தெரியாததால் இரண்டு மாதத்தில் எல்லாரும் ஜாமீனில் திரும்பி வந்தார்கள், கேஸ் மட்டும் இழுத்துக்கொண்டே போயிற்று.

அன்று மாலை அப்பா, "கட்டிடத்தோட நிறுத்திக்க. ஆள் வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

மாரிமுத்து அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வரவில்லை. பிளாட்பாரத்தில் எதிர்ப்பட்டால் விளக்கைத் துடைப்பதுபோல் குனிந்துகொள்வார். கையை இறக்கமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததற்குத்தான் கோபம் என்று முடிவு செய்துகொண்டேன். கை கரைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை அருகில் போயிருக்கிறேன். அவர் ஏதாவது வேலையாக நகர்ந்துவிடுவார். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே. பிளாட்பாரத்தைத் திரும்பக் கட்டினேன், காலியாக. நாற்றை வெட்டுவதை நிறுத்திவிட்டேன். அது வளர்ந்து, மஞ்சளாகி, சாய்ந்தது. ஜூனில் அப்பாவுக்கு விழுப்புரம் பக்கம் மாற்றல் வந்தபோது என் ஸ்டேஷனைப் பிரித்து அடுப்பில் வைத்தார்கள், அதில் வெந்நீர் காய்ந்தது.

நான் இன்ஜினீயராகவில்லை, முப்பத்தாறு வருஷம் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். அப்பா போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. சென்ற மாதம், டாக்டர் இதயத்தைப் பற்றி ஏதோ சொன்ன பிறகு, பிடிவாதமாகக் கிளம்பி அந்த ஊருக்குப் போனேன். மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்துவிட்டது. ஓட்டுக்கூரைக் கட்டிடம், கைகாட்டி, குவாட்டர்ஸ் ஒன்றும் இல்லை. ஒரு தகரக் கொட்டகையும் சிமென்டு பெஞ்சும் இருக்கின்றன. நான் அளந்த பிளாட்பாரத்தை உயர்த்தி நீட்டியிருக்கிறார்கள். புதிய நீளத்தை அளக்க மனம் வரவில்லை.

மாரிமுத்து இருந்தார். எண்பதை நெருங்குகிற வயது, காது மந்தம், சொந்தமாக மூன்று மா நிலம், நர்ஸாக இருக்கும் பேத்தி. யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவமா? எனக்கா?" என்றார். "உங்கப்பாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னதே நான்தானே தம்பி. பையன் கைய இறக்க மாட்டேங்குறான், நீங்க பாருங்கய்யான்னேன். அதுக்கு அவரு, நான் பாத்துக்கறேன், ஆனா இனிமே நீ அவன்கிட்டப் போகாத, பேசாத, பேசுனா உன்னையும் சந்தேகப்படுவானுங்க, அவனையும் விட மாட்டானுங்கன்னாரு. கேசு முடியுற வரைக்கும்தான்னாரு. முடியறதுக்குள்ள மாத்தல் ஆயிருச்சு. ஏன், அவரு ஒங்ககிட்டச் சொல்லவே இல்லியா?"

இல்லை என்று தலையசைத்தேன். அப்பாவுக்கு அதன்பிறகு முப்பத்தெட்டு வருஷம் இருந்தது, ஒருநாள் சொல்லியிருக்கலாம். எனக்கும் இருந்தது, ஒருநாள் வந்து கேட்டிருக்கலாம். வந்து கேட்க ஆன செலவைத் திரும்பும் வழியில் கூட்டிப் பார்த்தேன்: ரயில் போக வர முந்நூற்று எழுபது, பஸ் அறுபத்துநாலு, ஆட்டோ இருநூற்று நாற்பது, மாரிமுத்துவுக்கு வாங்கிப்போன ஆரஞ்சும் பிஸ்கட்டும் நூற்று எண்பத்தாறு. ஆகமொத்தம் எண்ணூற்று அறுபது ரூபாய்.