ஹீரோ இல்லாத படம்

தம்பியை வீட்டுக்குள் வைத்திருப்பதுதான் அந்த வருடங்களில் எங்கள் வீட்டின் முழுநேர வேலை. அப்பா கட்டாரில் இருந்தார். தம்பிக்கும் அங்கே ஒரு விசா எடுத்துவிடுவதாகக் கடிதத்துக்குக் கடிதம் எழுதினார். அது வரும்வரை, மீசை அரும்பிய ஒருவனை இரண்டு பக்கத்தின் கண்ணிலும் படாமல் காப்பாற்ற வேண்டும். இயக்கம் கண்டால் சேர்த்துக்கொண்டு போகும், ஆமி கண்டால் பிடித்துக்கொண்டு போகும். திருகோணமலையில், அதுவும் உள்துறைமுகத்துக்குக் கிட்ட, சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி இருந்த இடத்தில், அவனைப் பாண் வாங்கக்கூட அம்மா அனுப்பமாட்டார். பாண் வாங்கப் போனது நான்தான்.

அப்பா லீவில் வந்தபோது கொண்டுவந்த டிவியும் வீடியோ டெக்கும் அம்மாவுக்குத் தெய்வம் தந்ததுபோல் ஆயின. படம் போட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை வெளியே போகமாட்டான். ஆனால் ஒரு தமிழ்ப் படத்தில், தங்கையைக் கொன்றவர்களை ஹீரோ ஒவ்வொருவனாகத் தேடிப் பிடித்து வெட்டினான். படம் முடிந்தும் தம்பி எழும்பவில்லை, சாப்பிடவும் இல்லை, வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தான். அம்மா அவன் முகத்தைப் பார்த்தார். அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு வீடியோக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் பக்கத்துக் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் ஆள். அம்மா அவரிடம், “நானா, ஹீரோ இல்லாத படம் ஏதும் வைச்சிருக்கிறீங்களே?” என்று கேட்டார்.

“ஹீரோ இல்லாம ஆரு அக்கா படம் எடுப்பான்?” என்றவர் சற்று யோசித்தார். “ஜப்பான் படம் ஒண்டு இரிக்கி. கடலுக்குள்ளால பெரிய மிருகம் ஒண்டு வந்து ஊரை உடைக்கும். சனம் ஓடும். அவ்வளவுதான்.”

“ஆரும் ஆரையும் பழிவாங்கிறேல்லையே?”

“அதை எப்படிப் பழிவாங்குற? குண்டு போட்டாலும் அதுக்குப் படாது.”

“அப்ப அதைத் தாங்கோ.”

இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு அந்த மிருகங்கள் வந்தன. ஒன்று முடிய இன்னொன்று. செதிள் வைத்தது, செட்டை வைத்தது, ஆமை போன்றது. ஆட்கள் வாயசைப்பது ஒரு கதை, கேட்கும் ஆங்கிலம் வேறு கதை. தெரிந்த அளவுக்கு நான் தமிழில் சொன்னேன். பிறகு அதுவும் தேவைப்படவில்லை. கட்டடம் விழுவதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

காவலுக்கென்று உட்கார்ந்த அம்மாதான் முதலில் அந்தப் படங்களில் விழுந்தார். அவருக்கு மிருகத்தில் அக்கறை இல்லை, ஓடுகிற சனத்தில்தான் அக்கறை. “விசர்ச் சனங்கள், ஒரு துணிமணியும் எடுக்காமல் ஓடுதுகள். காணி உறுதி எங்க? பிள்ளைக்குப் பால்மா எங்க?” என்று கதிரையில் இருந்தபடியே ஏசுவார். கலவரங்களில் வீட்டை விட்டு ஓடிப் பழகியவர் அல்லவா, ஓடத் தெரியாதவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. எனக்குப் பிடித்தது வேறு. ஒரு படத்தில் தரைமட்டமான நகரம் அடுத்த படத்தில் விளக்கெல்லாம் எரிய எழும்பி நிற்கும். எங்கள் கடைத்தெருவில் எரிந்த கடைகள் எரிந்தபடியே கிடந்தன. அந்த நகரத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

தம்பி ஒருநாள் மட்டும் சொன்னான், “அக்கா, பாத்தனீங்களே, அது ஒருத்தரிட்டயும் ஐடென்டி காட் கேக்கேல்லை.” நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

டெக்கில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அவன்தான் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தான். நகரம் முழுவதும் பெட்டி மட்டையில் செய்த பொம்மை. மிருகத்துக்குள் நின்று மிதிப்பது ஒரு மனுசன். தெரிந்ததும் அவனுக்குப் படம் கசக்கவில்லை, கை பரபரத்தது. தானும் ஒரு நகரம் செய்யப்போவதாகச் சொன்னான். அம்மா கடை கடையாகப் போய்ச் சவர்க்காரப் பெட்டிகள் கேட்டு வாங்கி வந்தார்.

ஜப்பானை அவன் எங்கே கண்டான்? அவன் கண்டது தன் அறை ஜன்னலில் தெரிந்ததைத்தான். அம்மாவின் பழைய நீலப் பாவாடை கடலாயிற்று. பால்மா டின்கள் எண்ணெய் சேமிக்கும் குதங்கள், ஈர்க்கில் பாரந்தூக்கி, நெருப்புப் பெட்டியில் கப்பல்கள். எங்கள் ஊர் ரோட்டில் திரியும் மான்களைக்கூடப் புளியங்கொட்டையில் செய்து வைத்தான். அறைத் தரை நிறையத் துறைமுகம். பகல் முழுக்க அவன் அதற்குள்ளேயே இருந்தான். “இனி இவன் வெளிய போகமாட்டான், பிள்ளை,” என்று அம்மா குசினிக்குள் என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். துறைமுகத்தைக் கப்பலும் குதமுமாகச் செய்து வீட்டுக்குள் வைத்திருந்தால் ஆமிக்கு அது தாக்குதல் திட்டமாகத் தெரியும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படம் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அது ஜப்பான் ஆகிவிட்டது.

சுற்றிவளைப்பு ஒரு காலைநேரம் வந்தது. முன் அறை, குசினி, அலுமாரி என்று பார்த்து வந்த சிப்பாய்கள் தம்பியின் அறை வாசலில் நின்றுவிட்டார்கள். ஒருவன் போய் அதிகாரியைக் கூட்டி வந்தான். அவர் குந்தியிருந்து, பால்மா டின் ஒன்றை எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே கவனமாக வைத்தார்.

“ஃபிலிம்,” என்றான் தம்பி. “ஃபிலிம், சேர்.”

நான் முன் அறைக்கு ஓடி, கசெட்டைத் தள்ளி, பொத்தானை அமத்தினேன். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் அமத்தினேன். விடியற்காலையிலேயே கரண்ட் வெட்டியிருந்தார்கள். கசெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கள்ளக் கொப்பி, அதன்மேல் கடைக்காரரின் இலக்கத்தைத் தவிர ஒரு படமும் இல்லை. கறுப்புப் பெட்டி ஒன்றைக் காட்டி அதற்குள் மிருகம் இருக்கிறது என்று எந்த மொழியில் சொல்வது?

அப்போதுதான் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீலப் பாவாடைக் கடலுக்குள் இறங்கினார். இரண்டு கையையும் நகம்போல் மடக்கி, கன்னத்தை உப்பவைத்து, ஒரு சத்தம் போட்டார். கல்யாண வீட்டில்கூட வாய்விட்டுச் சிரிக்காத மனுசி. கடலிலிருந்து ஏறி, குதங்களை உதைத்து, கப்பல்களை மிதித்து, பாரந்தூக்கியை ஒடித்து, சனம் ஓடுவதையும் தானே ஓடிக் காட்டினார். “மேம, மாத்தயா, மேம,” என்றார் சிங்களத்தில், இப்படித்தான் ஐயா, இப்படித்தான் என்று. இளம் சிப்பாய் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. சாட்சியத்தை அழிக்கிறார் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிடச் சொன்னார். மிச்சம் இருந்த துறைமுகத்தைப் படம் எடுத்தார்கள். தம்பியை வாகனத்தில் ஏற்றினார்கள். “அம்மா, காணும், விடுங்கோ,” என்பதுதான் அவன் கடைசியாகச் சொன்னது.

அதன்பின் எங்களுக்கு ஆமி முகாம் வாசல்தான். கையில் கசெட்டோடு போவோம். யாராவது நின்று கேட்டால் அம்மா அங்கேயே கையை மடக்கிக் காட்டத் தொடங்குவார். அழுதபடி வரிசையில் நின்ற பெண்கள்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதற்காக என்மேல் ஆத்திரமாகவும் இருந்தது. ஆனால் நிறுத்தச் சொல்ல என்னால் ஏலவில்லை, எங்களிடம் வேறு என்ன இருந்தது?

ஒருநாள், புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதிரை தந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். அம்மா எல்லாம் சொல்லி முடியும்வரை கேட்டார். கசெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“நான் சின்ன வயசிலே இந்த மாதிரிப் படம் நிறையப் பாத்தது,” என்றார். “எனக்கு ரொம்ப விருப்பம். நீங்க சொல்றது உண்மை. நான் நம்புறது, அம்மா.” பிறகு கசெட்டைத் திருப்பித் தந்தார். “ஆனா பையன் இங்கே இல்லை. லிஸ்ட்லே பேரும் இல்லை.”

அம்மா எழும்பினார். கண்ணெல்லாம் நீர். கைகூப்பி, “பொஹோம ஸ்தூதி, மாத்தயா,” என்று நன்றி சொன்னார். இத்தனை நாளில் ஒருவர் எங்களை நம்பிவிட்டார். வாசலைக் கடந்து, பஸ் நிலையம்வரை நடந்து வந்து, நிழலில் நின்ற பிறகுதான் அம்மா என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, அவன் எங்கயெண்டு கேக்கேல்லையே நாங்கள்.”

திரும்பி ஓடினோம். வாசலில் நின்றவன் எங்களை உள்ளே விடவில்லை.