காற்று வாங்கிய நாற்காலி

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் எனக்கு மிளகு கமிஷன் மண்டி. கீழே கிடங்கு, மாடியில் வீடு. முன்வாசல் சாலையைப் பார்த்திருக்கும். பின்கதவைத் திறந்தால் காயல் தண்ணீர். ஐம்பதுகளில் சரக்கெல்லாம் அந்தப் பின்கதவு வழியாக வள்ளத்தில்தான் வந்து போயிற்று. பிறகு லாரிகள் வந்தன. இரண்டு கைவண்டிகள் ஒதுங்கவே திணறும் சாலையில் நாள் முழுக்க வரிசையாக நின்று உறுமின. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்று டிரைவர்கள் நிறுத்தவே மாட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். வாசலில் புகை இருந்தால் வியாபாரம் இருக்கிறது என்று அர்த்தம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருமல் பிடித்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "கிடங்குப் பொடி ஆகாது, கேட்டோ. வெளியே இருந்து நல்ல காற்று கொள்ளணும்" என்றார்.

நான் சொல்பேச்சுக் கேட்கிற ஆள். அன்றே நாற்காலியைத் தூக்கி முன்வாசலில் போட்டேன், லாரிகளின் புகைக்குழாய்க்கு நேர் எதிரே. பின்பக்கம் காயல் காற்று சும்மா வீசிக்கொண்டிருந்தது. ஆனால் மண்டிக்காரன் பின்னால் போய் உட்கார்ந்தால் கடை நொடித்துவிட்டது என்று ஊர் பேசும். முன்னால் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் சலாம் வைப்பார்கள். சலாமையும் புகையையும் சேர்த்தே வாங்கினேன்.

இருமல் கூடியது. மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கன்னங்கரேலென்று ஆனது. துவைக்க எடுத்த மனைவி முகம் சுளித்தாள்.

"என்னங்க இது, லாரிக் கரியா?"

"பின்னே, மிளகுப்பொடி வெள்ளையாவா இருக்கும்?"

பரம்பரை மிளகு வியாபாரியிடமே கறுப்பைப் பற்றிச் சந்தேகம் கேட்கிறாளே என்று எனக்கு எரிச்சல். அவள் சுக்குக் கஷாயம் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி போய்க் காற்று வாங்கினேன்.

வருஷங்கள் போயின. மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் நிற்க ஆரம்பித்தேன். யாராவது பார்த்தால் வேட்டியை அவிழ்த்துக் கட்டுவதுபோல் பாவனை செய்வேன். ஒரு மத்தியானம் அப்படி நிற்கையில் மேலே யாரோ என்னைப் போலவே இருமினார்கள். அதே இழுப்பு, அதே கரகரப்பு. ஏறிப் பார்த்தால், சாலைப் பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மனைவி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

தும்மலுக்குப் பயந்து கிடங்குக்குள் கால் வைக்காதவள் அவள். மிளகுக்கும் அவள் நெஞ்சுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவளைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் இம்முறை எங்கள் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். இத்தனை காலம் உள்ளே போனது லாரிப் புகை, இனி இருவருக்குமே பழைய மூச்சு திரும்பாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியைப் பின்கதவுக்குத் தூக்கிப் போனேன். வழியில் இரண்டு தடவை கீழே வைத்து மூச்சு வாங்கவேண்டியிருந்தது. அவளைக் காயல் பார்க்க உட்காரவைத்து, நான் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்தேன். காற்று குளிர்ச்சியாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கதவு இன்னிக்குத்தான் வச்சீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.