அக்காவின் மதிய அறை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உறவினர் பலருக்கு, அக்கா என்றால் கல்யாண வீடுகளில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அப்படிப்பட்டவரா ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்தினார் என்று கேட்டவர்கள் உண்டு. தங்கையான நான் அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஜோலார்பேட்டையில். ரயில்வே பணிமனையில் அப்பாவுக்கு மாற்றல் வந்ததும் செகந்திராபாத் ரயில்வே குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்குப் பெரும்பாலும் இரவு ஷிப்ட். பகலில் அவர் தூங்கும்போது அக்கா எங்களையெல்லாம் சைகையிலேயே விளையாடவைப்பார். ஒரு வீடு முழுக்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது இப்போதும் எனக்குக் கனவு போலத் தெரிகிறது.

படித்து ஆசிரியையானார். திருமணமாகி மல்காஜ்கிரியில் குடியிருந்தபோது அவர் கணவர், எங்கள் மாமா, காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்கவேயில்லை. அக்கா கைக்குழந்தையோடு நின்றார். தம்முடைய துக்கத்தைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. மகன் முரளியை மடியில் போட்டுக்கொண்டு மேகங்களைப் பார்த்திருப்பார்.

எழுபதுகளில், நகரத்தின் ஓரத்திலிருந்த ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் குடியிருப்புப் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனார். அந்த இடம் தமக்குக் கிடைக்கும் என்று கணக்கு ஆசிரியை ரஸியா டீச்சர் காத்திருந்தார். தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்த அவர் தமிழும் தக்கனி உருதுவும் கலந்துதான் பேசுவார். அக்கா வந்த பிறகு அவரிடம் எந்த மொழியிலும் பேசவில்லை. ஆசிரியைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சாக்குக்கட்டிக்குச் சண்டை, லீவு போட்டவரின் வகுப்பை யார் பார்ப்பது என்று சண்டை.

அக்கா யாரையும் கண்டிக்கவில்லை. பல மாதங்கள் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னார்:

“கவனிச்சேன்டி. எல்லாச் சண்டையும் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வருது. விடியறதுக்கு முன்னால எழுந்து சமைச்சுவச்சுட்டு, ரெண்டு பஸ் மாறி வராங்க. அவங்களுக்குக் கோபம் இல்ல. தூக்கம்.”

தலைமையாசிரியை அறைதான் பள்ளியிலேயே குளிர்ச்சியானது. வேப்பமர நிழல் அதன்மேல் விழும். அக்கா தம் மேசையை வராந்தாவுக்கு நகர்த்திவிட்டார். அறையில் பாய்கள் விரித்து, ஜன்னல்களுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டச் செய்தார். மதியத்துக்குமேல் வகுப்பு இல்லாதவர்கள் படுத்துக்கொள்ளலாம். எழுபவர் தட்டியை நனைத்துவிட்டுப் போக வேண்டும். வேறு சட்டமில்லை. நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பச்சை வெளிச்சமும் ஈர வாசனையும் மெல்லிய மூச்சொலியுமாக, அந்த அறை குளத்தின் அடியில் இருப்பதுபோல் இருந்தது.

ரஸியா டீச்சர் மட்டும் உள்ளே வரவில்லை. “நக்கோ மேடம், வேணாம். வேலை செய்ய வர்றேன், தூங்க வரல” என்றாராம்.

“சரி டீச்சர். கதவு திறந்தேதான் இருக்கும்” என்றார் அக்கா.

ஒரு கோடை மதியம், பள்ளியைக் கவனித்துவந்த நிர்வாக அதிகாரி திடீரென்று வந்தார். தெலுங்கு ஆசிரியை லலிதா, இரவெல்லாம் குழந்தையோடு விழித்திருந்தவர், மணியடித்தது தெரியாமல் தூங்கிவிட்டிருந்தார். அவருடைய வகுப்பில் ஒரே கூச்சல். அதிகாரி நேரே அந்த அறைக்கு வந்து வாசல் திரையை விலக்கினார்.

“ஸ்கூலா இது, சத்திரமா?”

அக்கா வராந்தா மேசையிலிருந்து எழுந்து வந்து வாசலை மறித்து நின்றார். “மெதுவாப் பேசுங்க சார். உள்ளே தூங்கறாங்க.”

“யாரோட கிளாஸ் அது? பேரைச் சொல்லுங்க.”

“இந்த ஏற்பாடு என்னுது. நடவடிக்கை எடுக்கறதா இருந்தா என்மேல எடுங்க.”

“உங்க வேலையே போகும், தெரியுமா?”

“தெரியும் சார்.”

அதற்குள் கூச்சல் அடங்கியிருந்தது. ரஸியா டீச்சர் தாமாகவே அந்த வகுப்புக்குள் போய்க் கணக்கு போட்டுவிட்டு, கையெல்லாம் சாக்குப்பொடியோடு வந்து நின்றார்.

“அந்தப் பிள்ளைகளை நான் பார்த்துக்கறேன் சார். கைகூ, எதுக்கு மேடத்தைத் திட்டறீங்க? இந்த ரூம் எங்க எல்லாருக்கும் வேணும். எனக்கும் வேணும்.”

அதிகாரி திரும்பிப் போய்விட்டார். சில நாட்கள் பள்ளியே மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தது. வந்த உத்தரவில், தலைமையாசிரியை தம் அறையிலேயே அமர்ந்து பணியாற்ற வேண்டும் என்று மட்டுமே இருந்தது. அக்கா கீழ்ப்படிந்தார். மேசையைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து மூலையில் போட்டார். பாய்களை எடுக்கவில்லை. வேறு யாரும் அங்கே இருக்கக்கூடாது என்று உத்தரவில் இல்லையே! அதன்பின் ஓய்வு பெறும்வரை, தூங்குகிறவர்களின் நடுவில் உட்கார்ந்து, பேனாச் சத்தம்கூடக் கேட்காமல் எழுதினார்.

மேசை உள்ளே வந்த அன்றே ரஸியா டீச்சரும் வந்து சுவரோரம் படுத்தார். படுக்கையில் கிடந்த தாயாரை ஆண்டுக்கணக்காகத் தனியே கவனித்துவந்தவர் அவர் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. பள்ளி விடும் மணிவரை தூங்கினார். அவருடைய கணக்கு வகுப்பை அக்காதான் எடுத்தார்.

“முகம் சின்னப் பொண்ணு மாதிரி ஆயிடுச்சுடி” என்று அன்று என்னிடம் வியந்தார்.

பிறகு அந்தப் பள்ளியில் சண்டையே இல்லை என்று சொல்லமாட்டேன். சண்டை போட்டவர்களே ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு பள்ளிக்கு மாற்றல் கிடைத்தும் போகாமல் இருந்தவர்கள் உண்டு.

அக்காவின் கடைசி மாதங்களில் மருந்து வாங்கித் தந்த அண்டை வீட்டாருக்கும், முரளியோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்த நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. ரஸியா டீச்சர் நாள்தோறும் வந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்டபடி இருந்தார். மழை பெய்த ஒரு மாலையில் அக்கா அமைதியாகப் போனபோதும் அவர் கைதான் அக்காவின் மேல் இருந்தது.

பதினாறாம் நாள் அந்த ஆசிரியைகள் எல்லோரும் வந்தார்கள். ஒருவர் அடுப்படிக்குப் போனார், ஒருவர் இலை போட்டார், ஒருவர் வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார். யாரும் யாருக்கும் வேலை சொல்லவில்லை. கடைசிப் பந்தியில் நானும் முரளியும் அவர்களோடு உட்கார்ந்தோம். அக்காவைப் பற்றி ஆளுக்கொன்று தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் சொன்னார்கள். அதில் பாதி எங்களுக்கே தெரியாதது. இலை காய்ந்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.