பதினேழாம் மேசையும் சரக்குக் கதவும்

நினோஸ்கா ருகாமாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் எஸ்தெலியில் இரண்டே பேர். ஒருவர் அவள் அம்மா, அவருக்குக் காது கேட்காது. இன்னொருவன் நான், எனக்கு வேறு வழியில்லை. பதினோரு வருடமாகச் சுருட்டுப் பட்டறையில் ஒரே மேசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உள் இலைகளைச் சேர்த்து உருட்டி அச்சில் அழுத்தித் தருவது என் வேலை. அதன்மேல் மேலிலையைச் சுற்றிச் சுருட்டாக்குவது அவள் வேலை.

பதினாறு வயதில் அவள் வந்து சேர்ந்தது காம்பு கிழிக்கும் கூடத்துக்கு. இலையின் நடு நரம்பை உருவிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு வருடம் அந்தப் பெஞ்சில் தூசி தின்றாள். மற்றவர்கள் சோளரொட்டி தின்னும் நேரத்தில், கழித்துப் போட்ட துண்டு இலைகளை வைத்துத் தானே சுற்றிப் பழகினாள். "கத்துக்கொடுத்தேன்னு நாளைக்கு எவனும் என் வாசல்ல வந்து நிக்க முடியாது" என்பாள். அப்படிப் பிடித்த மேசைதான் பதினேழு, லாரிக்குச் சரக்கு ஏற்றும் கதவை ஒட்டியது. அதைத்தான் போன ஜனவரியில் பிடுங்கப் பார்த்தார்கள்.

ஜனவரியில் மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றில் துளி ஈரம் இருக்காது. மனுஷ உதடே வெடிக்கும்போது வெங்காயத் தோல் மாதிரி இருக்கிற மேலிலை எம்மாத்திரம்? அதனால் காலையில் இலைக்கு நீர் தெளித்து உதறி, ஈரத்துணிக்குள்ளேயே வைத்திருப்போம். நினோஸ்கா சுற்றி முடித்த சுருட்டையும் மேசையில் இருக்கும்வரை மூடாமல் விடமாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை காலை மேஸ்திரி தோன் எலிசியோ காகிதத்தில் சுற்றிய கட்டு ஒன்றை எங்கள் முன்னால் போட்டார். ஐம்பது சுருட்டு, எங்கள் மேசை எண் எழுதிய சீட்டு. முப்பதுக்கு மேல் நெடுக வெடித்திருந்தன.

"ஏம்மா, இது சுருட்டா, அடுப்புச் சுள்ளியா? இலையை இப்படி இழுத்துச் சுத்தினா வெடிக்காம என்ன செய்யும்? திங்கக்கிழமையிலேர்ந்து காம்பு கிழிக்கப் போ."

"என் கையில ஒரு குத்தமும் இல்ல. உங்க சரக்குக் கதவுதான் குத்தம். பதப்படுத்துற ஈர அறைக்குத் தள்ளிட்டுப் போற வண்டியில எடம் இல்லன்னு, கதவோர மேசையான எங்க கட்டு மட்டும் அந்தத் திறந்த கதவுகிட்ட ரெண்டு நாள் கிடக்குது. மேலிலை காய்ஞ்சு போயிடுது. அப்புறம் ஈர அறையில வச்சா உள்ள இருக்கிறது உப்புது, மேல வெடிக்குது. எத்தனை தடவை சொல்றது?"

"லாரி வர்ற கதவை உனக்காகச் சாத்த முடியுமா? கை சரியில்ல, கதவு மேல பழி!"

எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறப்பதற்குள் முழங்கையால் இடித்தாள்.

"சரிங்க தோன் எலிசியோ. ஒரு காலத்துல ஊர்லயே பெரிய கைன்னு தினமும் பீத்திக்கிறீங்களே, உக்காருங்க. நீங்க இருபத்தஞ்சு, நான் இருபத்தஞ்சு. உங்க கட்டு கதவுகிட்ட, என் கட்டு நான் சொல்ற எடத்துல. சனிக்கிழமை ரெண்டும் ஈர அறைக்குப் போகட்டும். திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் பிரிப்போம்."

கூடத்தில் நாற்பது மேசையும் வேலையை நிறுத்தியது. இனி அவரால் பின்வாங்க முடியாது. சட்டைக் கையை மடித்து உட்கார்ந்தார். இருவருக்கும் நான்தான் உருட்டிக் கொடுத்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், மேஸ்திரி அருமையாகச் சுற்றினார், ஒரு சுருக்கம் இல்லை.

"பாத்துக்குங்க! பத்து வருஷமானாலும் இந்தக் கை போகுமா?" என்று கூடத்துக்கே கேட்கச் சொல்லிவிட்டுச் சீட்டில் தன் பெயரை எழுதினார்.

நினோஸ்கா தன் கட்டைத் தேவதாருப் பெட்டியில் வைத்து, சுருட்டில் படாமல் ஓரத்தில் ஒரு தட்டு, அதில் பிழிந்த பஞ்சு வைத்து மூடி, உள்சுவர்ப் பலகையில் ஏற்றினாள்.

அன்று மாலை பார்த்துக் காற்று நின்றுவிட்டது! வருடக்கணக்காய்த் திட்டித் தீர்த்த காற்றை வா வா என்று கும்பிட்டேன். வீட்டுக்கு நடக்கும்போது அவள் சொன்னாள்: "அந்தப் பெஞ்சுக்குத் திரும்பப் போகமாட்டேன் எவரிஸ்தோ. போனா நான் இல்ல." அவள் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். வெள்ளிக்கிழமை விடியும்போது காற்றில் தகரக் கூரை தடதடத்தது. வந்துவிட்டான் பாவி.

திங்கட்கிழமை கட்டுகளைப் பிரித்தோம். தோன் எலிசியோவின் இருபத்தைந்தில் பத்தொன்பது வெடித்திருந்தன. நினோஸ்காவுடையதில் ஒன்று. அதை அவளே எடுத்து உயர்த்திக் காட்டினாள்: "இது என் தப்பு. ஒத்துக்கறேன்."

"எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு..." என்று அவர் இழுத்தார்.

"இந்தக் கை போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்று பின்மேசையிலிருந்து ஒரு குரல்.

"அப்ப வாங்க" என்றாள் நினோஸ்கா. "காம்பு கிழிக்கிற பெஞ்சுல நமக்குப் பக்கத்துப் பக்கத்துல எடம் போடச் சொல்றேன்."

கூடமே சிரித்தது. மேசையைத் தட்டித் தட்டி என் கை சிவந்துவிட்டது. தோன் எலிசியோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி, சரி. உள்பக்கம் நாலாம் மேசை காலியா இருக்கு. ரெண்டு பேரும் அங்க போய்க்குங்க" என்றார்.

"நான் ஏன் போகணும்? கதவைச் சாத்துங்க."

மதியத்துக்குள் கதவு சாத்தப்பட்டது, லாரி வரும்போது மட்டும் திறந்தார்கள். குறுக்கே நனைத்த சாக்கு ஒன்று தொங்கியது. நாற்காலியில் ஏறி நின்று அதைக் கட்டியது தோன் எலிசியோதான். நினோஸ்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காத, உருட்டுய்யா" என்றாள் என்னிடம்.